வீட்டிலேயே சுத்தமான மூச்சு

ஆகஸ்ட் 4, திங்கள்

கோமதி தலைப்பிரசவத்துக்கு இம்மாதக் கடைசியில் வருகிறாள். அவள் அம்மா உயிரோடு இருந்தால் இந்த நோட்டுக்குத் தேவையே இருந்திராது. என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைகளுக்கே தெரிந்திருக்கும். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வரிசை போட்டுக்கொள்ளாமல் எதையும் தொடங்க எனக்கு வராது. ஆகவே, இதில் எழுதப்போவது:

1. கோமதி வருமுன் வீட்டைத் தயார் செய்வது.

2. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் உடல் பரிசோதனை. குறிப்பாகத் தம்பி நெல்லைநாயகத்துக்கு.

3. குழந்தைக்கு ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரக்கூடும் என்று கண்டு, அந்தப் பக்கத்தை அடைப்பது.

4. பிரசவமும் அதற்குப் பிந்திய கவனிப்பும்.

5. என்னைப் பற்றி எழுத ஒன்றும் இராது. முட்டுவலியைத் தவிர எனக்கு எதுவும் இல்லை.

மூன்றாவதை இப்படி எழுதியது சரிதானா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நெல்லை இதைப் படிக்க மாட்டான். படித்தாலும் சிரிப்பான்.

ஆகஸ்ட் 6, புதன்

மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. சுண்ணாம்புத் தூசியில் இருமல் அதிகம். எனக்கு இது பழைய இருமல்தான், சாக்பீஸ் தந்தது. கல்லூரியில் நான் வராந்தாவில் வரும்போதே பையன்கள் இருமலைக் கேட்டு பெஞ்சுகளில் ஒழுங்காக உட்கார்ந்துவிடுவார்கள்.

நெல்லை சொல்வான்: "அண்ணன் தெருமுக்குல வரும்போதே வீட்டுக்குத் தெரிஞ்சிரும். ஆரன் அடிச்சிக்கிட்டுலா வாரிய."

அவன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். எதையும் பஸ்ஸைக் கொண்டுதான் பேசுவான். அவனுக்கு எச்.ஐ.வி. உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் தெரிந்தது. கூடவே காசநோயும் இருந்தது. அதற்கு மருந்து சாப்பிட்டுக் குணமானான். எச்.ஐ.வி. மாத்திரையை இன்றுவரை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவன், அப்போதிலிருந்து என்னோடுதான் இருக்கிறான். விஷயம் எனக்கும் கோமதிக்கும்தான் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. சமையலுக்கு வரும் பிரமுவுக்குத் தெரிந்திருக்கலாம், அவள் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கோமதி பெங்களூரிலிருந்து பேசினாள்.

"அப்பா, சித்தப்பாவ ஒரு தடவ டிபிக்குப் பாத்திருங்க. அவங்கள மாதிரி இருக்கவங்களுக்குத்தான் அது மொதல்ல வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. கைக்குழந்த இருக்கப்போற வீடு."

"அவன் மனசு நோகுமே."

"எல்லாரும் எடுத்துக்கிடுங்க. அப்ப நோகாதுலா."

நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நெல்லைக்கென்று தனித் தட்டும் டம்ளரும் வாங்கி வந்தேன், நீல வளையம் போட்டது. அவன் நோய் தட்டினால் பரவாது என்று எனக்குத் தெரியும். தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். இருந்தும் வாங்கினேன். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம ரூட்டுல எனக்கு மட்டும் ரிசர்வேசனா, அண்ணன்?" என்றான். சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

முட்டுவலி மாத்திரை தீர்ந்துவிட்டது. கடைக்காரர் சீட்டு கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார். என் தலையைக் கண்டதும் மாத்திரைப் பட்டையை எடுத்து மேலே வைக்கிறார். முதலில் எழுதிக்கொடுத்த எலும்பு டாக்டர் கொஞ்ச நாளைக்குத்தான் சொன்னார். ஆனால் நிறுத்தினால் மாடிப்படி ஏற முடிவதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நெல்லை, பிரமு, நான் மூவரும் போய் முன்னங்கையில் ஊசி போட்டுக்கொண்டோம். காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதத்தைத் துளியளவு தோலுக்கடியில் விடுகிறார்கள். நாளை மறுநாள் டாக்டரிடம் கையைக் காட்ட வேண்டும். பிரமு தன் கொசுக்கடியையெல்லாம் நர்ஸிடம் காட்டி, அதுவும் கணக்கில் சேருமா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையிலிருந்து தூறல். இந்த முட்டோடு மூன்று பேராக ஆட்டோ பிடித்துப் போய் வரிசையில் உட்கார்வதைவிட, நானே அளந்து டாக்டருக்குப் போனில் சொல்லிவிடலாம் என்று பட்டது. அளக்கும் முறை தெரியும். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனாவைத் தோலின்மேல் ஓரத்திலிருந்து மெல்ல இழுத்து வந்தால், தடிப்பு தொடங்கும் இடத்தில் பேனா தானே நின்றுவிடும். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஸ்கேலை வைக்க வேண்டும்.

நெல்லை: பதினான்கு மில்லிமீட்டர்.

பிரமு: பதினொன்று.

நான்: பேனா எங்கேயும் நிற்கவில்லை. இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. சந்தேகத்துக்கு இன்னொரு முறை செய்தேன். பூஜ்யம்.

பிரமு பயந்துவிட்டாள். உட்காரவைத்து விளக்கினேன். "இது ஆஜர் எடுக்கிற மாதிரிதான், பிரமு. உன் இரத்தத்தில் காவல் செல்கள் இருக்கின்றன. முன்னே எப்போதாவது ஒரு கிருமி உள்ளே வந்திருந்தால், அதன் பெயர் அவற்றுக்கு ஞாபகம் இருக்கும். ஊசியில் நாம் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறோம். தெரிந்த செல்களெல்லாம் எழுந்து அங்கே ஓடிவருகின்றன. அந்தக் கூட்டம்தான் தடிப்பு."

"அப்ப என் கையில எல்லாரும் எந்திரிச்சிட்டாங்களோ, அண்ணாச்சி?"

"கிருமியை என்றோ பார்த்திருக்கிறாய் என்று அர்த்தம். நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எக்ஸ்ரே எடுத்தால் தெரியும்."

"ஒங்க கையில?"

"பெயர் தெரிந்தவர் யாரும் இல்லை. அதாவது, இந்தக் கிருமி என்னிடம் வந்ததே இல்லை."

நெல்லை என் கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். மணிக்கட்டுக்கு மேலே ஊதா நிறத்தில் இரத்தக் கன்றல் இருந்தது. இப்போதெல்லாம் எதில் இடித்தாலும் கன்றுகிறது. "வழவழன்னு இருக்கே, அண்ணன். நான் ஆஸ்பத்திரியில கெடந்தம்லா, அப்ப எனக்கும் இந்த ஊசி போட்டாங்க. இப்படித்தான் ஒண்ணுமே தெரியல. பெறவு பாத்தா நெஞ்சு பூரா டிபி."

"உனக்கு அப்போது எதிர்ப்புச் சக்தியே இல்லை. அது வேறு."

"அது வேறதான்" என்று கையை விட்டுவிட்டான்.

டாக்டரிடம் போனில் சொன்னேன். நெல்லைக்குப் பழைய நோயின் ஞாபகமாக இருக்கும், எச்.ஐ.வி. மாத்திரையால் அவன் செல்கள் தேறிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம் என்றார். இருவருக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டார். நெல்லைக்கு இல்லை, பிரமுவுக்கும் இல்லை என்றேன். அந்த இருவரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

இரண்டு எக்ஸ்ரேயும் சுத்தம். நெல்லைக்கு மட்டும் பழைய தழும்பு.

சுத்தம் என்று எழுதிவிட்டேன். மனம் கேட்கவில்லை. பதினான்கு மில்லிமீட்டர் என்பது ஒரு அவரை விதை அளவு. சாப்பிடும்போது அவன் கை நீளும்போதெல்லாம் கண் அங்கேயே போகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

நெல்லையிடம் பேசினேன். நேராகச் சொல்ல வரவில்லை. கோமதியின் மாமியார் வந்து போவார்கள் என்றேன். மாடியும் கீழுமாக இடம் நெருக்கடி என்றேன். உன் மாத்திரை டப்பாக்களை யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்றேன். கைக்குழந்தை என்றும் ஒரு முறை சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவன் சிரித்தான். "டிக்கட்ட கிழிச்சிட்டிய. நான் எறங்கிக்கிடுதேன், அண்ணன். இதுக்குப் போயி எவ்வளவு நேரம் விசில் ஊதுதிய."

அம்பாசமுத்திரத்தில் அவனோடு ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் ஒருவருக்கு மொட்டை மாடியில் ஓர் அறை இருக்கிறதாம். மாலை பஸ்ஸில் போனான். நீல வளையத் தட்டைப் பையில் வைக்கப் போனேன். "அது இங்கயே கெடக்கட்டும். அங்க எல்லாரும் ஒரே எலையிலதான் சாப்பிடுவோம்" என்றான்.

நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சரிபார்க்க யாருமில்லை.

ஆகஸ்ட் 30, சனி

கோமதி வந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. வாசலிலேயே, "சித்தப்பா எங்க?" என்றாள். சொன்னேன்.

"டெஸ்டுல ஒண்ணுமில்லன்னுதானப்பா சொன்னிய?"

"ஒன்றுமில்லைதான். ஒரு ஜாக்கிரதைக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க மொகம் என்னப்பா உருண்டையா இருக்கு? தோள்பட்டை எலும்பு தெரியுது, கன்னம் மட்டும் உப்பியிருக்கு" என்றாள். பிரமு சமையல் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

தலையணை உறைகளைத் துவைத்தேன். காலையில் எழும்போது பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. வெக்கை.

செப்டம்பர் 29, திங்கள்

கோமதியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். எல்லாம் நலம். ஆஸ்பத்திரி மாடியேறும்போது நடுவில் நின்றேன். அவளும் நின்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி எனக்காக நின்றது வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நெல்லை வரவில்லை. மத்தியானம் ஒரு கண்டக்டர் பையன் வந்து, "நெல்லையண்ணன் குடுத்துவிட்டாரு" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கோமதிக்கு முறுக்கும், பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு பருத்தித் துணியும். எனக்கு இருமல் மிட்டாய் ஒரு டப்பா.

மழை விடவில்லை. எனக்குத்தான் இன்னும் வெக்கையாக இருக்கிறது. உறைகளை மறுபடி துவைத்தேன், காயவில்லை.

அக்டோபர் 29, புதன்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். எடை நல்லபடி. பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. நர்ஸ் அவளை என் கையில் கொடுத்தாள். குழந்தை கண்ணைத் திறந்து என்னையே பார்ப்பது போலிருந்தது. இந்த வயதில் அவற்றுக்கு உருவம் தெரியாது என்று நானே நடத்தியிருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

தொப்புள்கொடி விழுந்து காய்ந்துவிட்டதால் இன்று பிரமு குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். துவட்டியதும் குனிந்து, குழந்தையின் காதுகளில் ஊதினாள். பிறகு மூக்கில் வாயை வைத்து ஊதப்போனாள். தண்ணீரும் சளியும் வெளியே வருவதற்காக இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். கோமதிக்கு அவள் அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

எழுந்து கையை நீட்டித் தடுத்தேன். "பிரமு, நில்" என்றேன்.

"என்ன அண்ணாச்சி?"

பதினொன்று என்று எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். "உன் கையில் தடிப்பு இருந்ததே. கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம். மூச்சு குழந்தைக்கு நேராகப் போகிறது."

"எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லன்னாங்களே." அவள் முகம் வாடிவிட்டது. "சரி, பெறவு யாரு ஊத? இல்லாட்டா பிள்ளைக்கு மூக்கு அடைச்சிக்கிடும்."

ஊதவே கூடாது என்று புத்தகங்கள் சொல்லும். அதையும் சொன்னேன். அவள் ஒப்பவில்லை. கோமதியோ, "அம்மா எனக்குச் செஞ்சாங்களாப்பா?" என்று கேட்டாள். செய்தாள் என்றேன். "அப்ப நீங்க ஊதுங்க. ஒங்களுக்குத்தான் கையில ஒண்ணுமே வரலையே" என்றாள்.

அவள் சொன்னதில் தப்புக் காண முடியவில்லை. மூன்று பேரில் பேனா நிற்காத கை என்னுடையதுதான். இந்த வீட்டிலேயே சுத்தமான மூச்சு என்னுடையது. வாய் கொப்பளித்துவிட்டு வந்து, குழந்தையின் மூக்கில் மெல்ல ஊதினேன். இரு துவாரங்களிலும். எண்ணெயும் பாலுமாக மணத்தது. குழந்தை முகத்தைச் சுளித்துத் தும்மியது.

"பாத்தியளா, தண்ணி வந்துட்டு" என்றாள் பிரமு.

நவம்பர் 25, செவ்வாய்

தினமும் ஊதுகிறேன். வேலை பழகிவிட்டது. இருமல் வந்தால் அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகே குனிகிறேன். பிரமுவைவிட நான் நிதானமாகச் செய்கிறேன் என்று கோமதி சொன்னாள். அன்று முழுவதும் அது மனதில் இனித்தது. கோமதியை வளர்த்ததெல்லாம் அவள் அம்மாதான். எனக்கு வாய்த்த முதல் வேலை இது.

டிசம்பர் 7, ஞாயிறு

பெயர் வைத்தோம். ஆவுடை. என் மனைவியின் பெயர். மாப்பிள்ளை வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். நெல்லையை அழைக்கவில்லை. போன் செய்து, "பேரு என்ன?" என்று அவனே கேட்டான். சொன்னேன். "மதினி பேருலா" என்றான்.

காதில் பெயரை மூன்று முறை சொல்லும்போது இடையில் இருமல் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். "தாத்தா ஆஜர் எடுக்காரு" என்றாள் கோமதி.

டிசம்பர் 13, சனி

குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை. குடிக்கத் தொடங்கி விட்டுவிடுகிறது. லேசாகச் சூடு. மழைக்காலம் என்றாள் பிரமு.

டிசம்பர் 15, திங்கள்

எடை ஏறவில்லை. மூச்சு விடும்போது விலாவுக்கடியில் குழி விழுகிறது. ஊதினால் சரியாகும் என்று இன்று இரண்டு முறை ஊதினேன்.

டிசம்பர் 17, புதன்

ஆஸ்பத்திரி. குழந்தைக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து கிளம்பியிருக்கிறார்.

டாக்டர் ஓர் இளம்பெண். கோமதியை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கதவோரம் துணிப் பையோடு நின்றேன்.

"வீட்ல யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்காம்மா?"

கோமதி யோசிக்கவே இல்லை. "யாருக்கும் இல்ல டாக்டர். நான் வாரதுக்கு முன்னாலயே எல்லாருக்கும் டிபி டெஸ்ட் எடுத்தாச்சு. அப்பாவே அளந்து பாத்தாங்க."

நான் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இருமி முடித்து நிமிர்ந்தபோது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கோமதியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது?"

"இது எங்க அப்பா டாக்டர்."

"இல்லம்மா. இந்த இருமல்."

"அது அப்பா இருமல். எப்பவும் உள்ளதுதான். வாத்தியார்லா, சாக்பீசு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் என் இருமலை முதன்முதலாகக் கேட்பதை நான் பார்த்தேன்.

டாக்டர் முகக்கவசம் ஒன்றை நீட்டினார். "சார், இதப் போட்டுக்கிட்டு வெளிய அந்தத் தொறந்த வராந்தாவுல நில்லுங்க. குழந்தைக்கு எவ்வளவு பக்கத்துல இருப்பீங்க?"

நான் கவசத்தின் நாடாவைக் காதில் மாட்டினேன். கோமதிதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தெனமும் குளிப்பாட்டின பெறகு மூக்குல ஊதுவாங்க."

டிசம்பர் 19, வெள்ளி

எக்ஸ்ரேயில் என் நெஞ்சின் வலது மேற்புறம் வெண்திட்டு. நடுவில் ஓர் ஓட்டை. சளியில் கிருமி ஏராளம். குழந்தையின் வயிற்றிலிருந்து எடுத்த நீரிலும் அதே கிருமி. தடுப்பூசி போட்டிருந்தாலும், இத்தனை கிருமி இத்தனை பக்கத்திலிருந்து போனால் பிஞ்சு உடம்பால் தாங்க முடியாது என்றார் நெஞ்சு டாக்டர். என்னிடம் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பல வருஷம் உள்ளே அடங்கிக் கிடந்திருக்கலாமாம்.

"கையில ஒண்ணும் வரலையே டாக்டர்" என்றேன். வாதாடவில்லை. அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி போட்ட எடத்துல ஒண்ணும் எழும்பலன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், சார். ஒண்ணு, ஒடம்பு அந்தக் கிருமியப் பாத்ததே இல்ல. இல்லன்னா பாத்திருக்கு, எந்திரிச்சு வர ஆள் இல்ல. வேற என்ன மாத்திர சாப்பிடுறீங்க?"

சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்துக் கொடுத்தேன். பட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். எத்தனை காலமாக என்று கேட்டார். சொன்னேன். உடனே நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார்.

அந்தப் பட்டையில் அச்சிட்டிருக்கும் பெயரை ஒவ்வொரு முறையும் படித்திருக்கிறேன். சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பியின் வேலையைச் செய்யும் பொருள் அது, ஸ்டீராய்டு. வீக்கத்தை அடக்கும். வலியை அடக்கும். இரத்தத்திலுள்ள காவல் செல்களையும் அடக்கும். முகத்தை உருண்டையாக்கும், தோலைக் கன்றவைக்கும். மூன்றாமாண்டு மாணவர்களுக்குப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். இந்த நோட்டில் அதை முட்டுவலி மாத்திரை என்று மட்டுமே எழுதி வந்திருக்கிறேன்.

பிரமுவுக்குச் சொன்ன உதாரணத்தை மறுபடி படித்தேன். பெயரைக் கூப்பிட்டு யாரும் எழாவிட்டால், அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். வகுப்பே உறங்கிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லவில்லை. நெல்லை சொன்னான். அது வேறு என்றேன்.

டிசம்பர் 20, சனி

மருந்து தொடங்கியாயிற்று. நான் வீட்டில் மாடி அறையில். ஜன்னல்களெல்லாம் திறந்து கிடக்கின்றன. குழந்தைக்காக வெள்ளையடித்த அறை.

கோமதி போனில் நெல்லையை அழைத்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. முதல் பஸ்ஸில் வந்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். பிரமுவையும் கோமதியையும் சோதித்தார்கள். இருவர் நெஞ்சும் சுத்தம்.

டிசம்பர் 23, செவ்வாய்

கோமதி பேசவில்லை. மாப்பிள்ளை பேசினார், மரியாதையாக, இரண்டு வார்த்தை. குழந்தைக்கு ஒரு முறை வலிப்பு வந்திருக்கிறது. கிருமி மூளையின் உறை வரை போயிருக்கிறதா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்திருக்கிறார்கள்.

வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

டிசம்பர் 24, புதன்

மத்தியானம் படியேறி வரும் சத்தம் கேட்டது. நெல்லை. கதவுக்கு வெளியே முகக்கவசத்தோடு கஞ்சித் தூக்கும் கையுமாக நின்றான்.

"நீ வரக்கூடாது" என்றேன். "உனக்குத்தான் ஆபத்து. உன் உடம்புக்கு..."

"எனக்குப் பதினாலு மில்லிமீட்டர் இருக்குலா, அண்ணன். நீங்கதான அளந்திய. நம்ம ஆளுவ முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கானுவ." கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு, ஜன்னலோரமாகத் தள்ளிப்போய் நின்றுகொண்டான். "டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் வாரேன். கவசம் போட்டு, வெளிய நின்னு பேசிட்டுப் போவலாம்னாங்க."

"பிள்ளை?"

"ராத்திரி கோமதிய ஒறங்கச் சொல்லிட்டு நான்தான் பக்கத்துல இருந்தேன். என் வெரலப் புடிச்சிக்கிட்டா. புடி இருக்கு, அண்ணன். வெடியக்காலம் சங்குல குடுத்த பால்ல கொஞ்சம் உள்ள போச்சு. கொஞ்சந்தான். முதுகுத் தண்ணி ரிப்போர்ட்டு சாயங்காலம் வரும்ங்காங்க."

"டாக்டர் என்ன சொல்கிறார்?"

"இப்ப எதுவும் சொல்ல முடியாதுன்னு சொல்லுதாங்க." மறைக்காமல் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் அப்ப அப்படித்தான் சொன்னாங்க."

கோமதி ஏதாவது சொன்னாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவனாகச் சொல்லியிருப்பான், இருந்தால்.

கஞ்சி ஊற்ற அறையில் பாத்திரம் இல்லை. "கீழே அலமாரியில் அந்த நீல வளையத் தட்டு இருக்கும். இனி எனக்கு அதில் போடச் சொல்" என்றேன்.

"அது என் தட்டுலா" என்றான். "ஒங்களுக்கு எதுக்கு? இது தட்டுல பரவாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்." கீழே போய், வீட்டில் எல்லோரும் சாப்பிடும் தட்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும் என்றான்.

இப்போது ஐந்து மணி இருக்கும். போன் மேசைமேல் இருக்கிறது. இன்னும் அடிக்கவில்லை. இருமல் வந்தால், அடிப்பது கேட்காமல் போய்விடுமோ என்று வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

முதல் பக்கத்துக்குப் போய் வரிசையைச் சரிபார்த்தேன். முதலாவது முடிந்தது. இரண்டாவதை நான் செய்திருக்கக் கூடாது, டாக்டர் செய்திருக்க வேண்டும். மூன்றாவது இப்போதுதான் நிறைவேறியிருக்கிறது: ஆபத்து வந்த பக்கம் அடைத்தாயிற்று, நான் அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். நான்காவது என் கையில் இல்லை.

ஐந்தாவது தவறு.